வேலிக்கு ஓணான் சாட்சி

"ஓணானுக்கு வேலி சாட்சி, வேலிக்கு ஓணான் சாட்சி" என்பது நம்மிடையே வழங்கும் பழமொழிகளுள் ஒன்று. பொய்க்கரி போவார் இருவர் ஒருவரையொருவர் தாங்கிப் பேசுதலை இகழ்ந்துரைக்க எழுந்தது இது. ஆயினும் இதனை ஆக்கிய முதியோன் வேலியையும் ஓணானையும் நன்கு அறிந்தவன் என்பது தெளிவு. வேலி உள்ள இடத்தில் ஓணான் உண்டு. ஓணான் தலையசைக்கும் இடத்தில் வேலி உண்டு. இரண்டும் பிரிவின்றி நின்றமையாலன்றோ ஒன்று மற்றொன்றுக்குச் சாட்சியாயிற்று?

யாழ்ப்பாண நகரைச் சூழ்ந்த ஊர்களில் இன்று இப் பழமொழி பொருளிழந்து வருகின்றது. நல்லூர், திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில், கல்வியங்காடு, இருபாலை, அரியாலை என்னும் இவ்வூர்கள் முற்றும் நகருமல்ல, முற்றும் நாட்டுப்புறமுமல்ல. காலையிலே கந்தோருக்கும் பாடசாலைக்கும் கடைக்கும் மக்களை அனுப்பி, மாலையில் அவர்களை மீளப் பெறுவன. கிணற்றடியில் வாழையும் வளவில் மாவும் பலாவும் இன்னும் நிற்பன. இவற்றைப் புறநகர் என்று கூறலாம். இங்கே வேலி மதிலாகின்றது, ஒழுங்கை வீதியாகின்றது, நடந்து வந்தோர் வாகனத்தில் வருகின்றனர். இம் மூன்று மாற்றங்களையும் தனித்தனியே நோக்குவோர் பலர். மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதையும், அவற்றால் ஊர்வனவும் பறப்பனவும் இழக்கும் அதே பொருளைக் காலால் நடக்கும் மக்களும் இழக்கின்றனர் என்பதையும் எடுத்துரைப்பதே இக் கட்டுரையின் நோக்கம்.

வேலியின் அடுக்குகள்

யாழ்ப்பாணத்து வேலியை வெறும் எல்லைக்கோடு என எண்ணுதல் தவறு. மாரிக்காலத்தில் நெருக்கமாக நாட்டப்படும் கதியால்கள் மண்ணின் ஈரத்திலே வேர்பிடித்துத் தழைக்கும். கிளுவை, பூவரசு, முள்முருக்கு, சீமைக்கிளுவை என்பன கதியாலுக்கு உகந்தவை. அவற்றோடு வரிச்சு வைத்துக் கட்டிக் கிடுகினாலோ பனையோலையாலோ அடைப்பர். கதியால்களின் கிளைகளை வெட்டும்போது குழை ஆட்டுக்கு உணவாகும். எஞ்சியது தோட்டத்திலே தாழ்க்கப்பட்டு உரமாகும். உக்கிய ஓலையும் மண்ணுக்கே போகும். வற்றாத ஆறொன்றும் இல்லாத இக் குடாநாட்டில், சுண்ணாம்புக் கல்லின்மேற் படிந்த மண்ணை வளம்படுத்தி வைத்தவற்றுள் வேலிக்கும் ஒரு பங்குண்டு.

இத்தகைய வேலியொன்றைக் காலை வேளையிலே சற்று நின்று நோக்குவார்க்கு அது பல தளங்களையுடைய மாளிகைபோலத் தோன்றும். கீழ்த்தளத்தில், சருகுக் குவையில், தேரையும் அரணையும் நத்தையும் வாழும். அச் சருகைக் கிளறியபடி ஏழெட்டுப் புலுனிகள் கூட்டமாகத் துள்ளிச் செல்லும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலுமன்றி வேறெங்கும் இயல்பாக வாழாத பறவை இது. ஒரு சோடி பொரித்த குஞ்சுகளுக்குக் கூட்டத்திலுள்ள ஏனையவும் இரை கொணர்ந்து ஊட்டும். கூட்டுக்குடும்பம் அருகிவிட்ட இக்காலத்தும் புலுனி தன் குடும்பத்தைப் பாகம் பிரிக்கவில்லை. மாரி தொடங்கும் ஐப்பசியளவில் இந்தியாவிலிருந்து கடல் கடந்து வரும் ஆறுமணிக்குருவியும் இச் சருகையே நாடும். விடியலிலும் அந்தியிலும் ஏறத்தாழ ஆறு மணிக்குக் குரல் கொடுத்தலால் அது அப் பெயர் பெற்றது. பச்சையும் நீலமும் செம்மையும் கலந்த நிறத்தினதாயினும், நிழலும் சருகும் இல்லாத இடத்தில் அது இறங்காது.

நடுத்தளம் ஓணானுக்குரியது. இனஞ்சேரும் பருவத்தில் ஆண் ஓணானின் தலையும் கழுத்தும் செந்நிறம் பெறும். தொலைவில் இருந்தவாறே நம் இரத்தத்தை உறிஞ்சுகின்றது என அஞ்சி அதன்மேற் கல்லெறிந்த சிறுவர் தலைமுறை தலைமுறையாக உளர். உண்மையில் அதன் உணவு பெரும்பாலும் பூச்சிகளே. அதே தளத்தில் அடர்ந்த பகுதி பார்த்துச் செண்பகம் கூடு கட்டும். செம்பழுப்புச் சிறகும் சிவந்த கண்ணும் ஆழ்ந்த குரலும் உடைய அப் பறவை நத்தையையும் புழுவையும் உண்டு தோட்டக்காரனுக்குக் கூலியில்லா வேலையாளாகும். மேற்றளத்திலே அணில் ஓடும். பிளவுபட்ட வாலையுடைய கரிக்குருவி கதியால் நுனியில் இருந்து பாய்ந்து பூச்சியைப் பிடித்து மீண்டும் அவ்விடத்தே வந்தமரும். இலங்கையின் வடக்கு, வடமேற்குக் கரையோரங்களில் வாழும் இக் கரிக்குருவியை நாட்டின் ஏனைய பகுதிகளிற் காண்டல் அரிது. நாம் நாள்தோறும் கண்டு பொருட்படுத்தாத இதனைக் காணவென்றே பறவை நோக்குவோர் தொலைவிலிருந்து வடக்கே வருகின்றனர். இரவானதும் மரநாய் வேலிவழியே பனையை நாடிச் செல்லும். பனம்பழமும் முட்டியில் ஊறிய கள்ளும் அதற்கு இனியவை.

இம் மாளிகைக்கு வாயிலும் உண்டு. வேலியின் அடியிலே ஓலை விலகிய இடத்தைப் பொட்டு என்பர். கோழி புகுவதும் நாய் நுழைவதும் கீரி ஓடுவதும் அப் பொட்டினாலே. சற்றுப் பெரிய பொட்டாயின், அயல்வீட்டுப் பெண்டிர் ஒரு சுண்டு அரிசியைக் கைமாற்றாகப் பெறப் போவதும் அவ்வழியே. படலை விருந்தினர்க்கு, பொட்டு உறவினர்க்கு. கீரியும் உறவினருள் ஒன்றாக எண்ணப்பட்டது போலும்.

வழியும் அறமும்

பழந்தமிழர் ஒரு நிலத்தைக் கூறுமிடத்து அங்குள்ள மக்களை மட்டும் கூறி அமைந்திலர். தொல்காப்பியர் கருப்பொருளை வகுத்தபோது விலங்கையும் மரத்தையும் புள்ளையும் மக்களின் உணவோடும் தொழிலோடும் ஒரே வரிசையில் வைத்தார். எங்கள் ஊர்ப்பெயர்களிலும் அவ்வரிசை காணப்படும். கொக்குவில் என்னும் பெயரிலே கொக்கு உளது. வில் என்பது நீர்நிலையைச் சுட்டும் என்பர். கல்வியங்காட்டிலே காடு உளது. மயிலிட்டியில் மயில் உளது. மருதனார்மடமோ வழிப்போக்கர் தங்கிய மடத்தினாற் பெயர் பெற்றது. பறவையும் நீரும் மரமும் நடப்பவனும் ஊர்ப்பெயருக்கு உரியராயினர் என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளல் தகும்.

அக்காலத்து வழிகள் நடப்பவனுக்கென அமைந்தவை. தலைச்சுமையைப் பிறர் உதவியின்றி இறக்கி வைக்கவும் ஏற்றவும் சுமைதாங்கி கட்டினர். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அதனை அமைப்பது வழக்கம். அதன் அருகே கிணறும் தண்ணீர்த் தொட்டியும் இருக்கும். மாடு தன் தினவைப் போக்கிக்கொள்ள ஆவுரஞ்சிக்கல் நாட்டினர். பருத்தித்துறையிலே வீதியையே கூரையால் மூடி நிற்கும் தெருமூடி மடத்தை இன்றும் காணலாம். தன் காசைச் செலவிட்டு, முன்பின் அறியாத வழிப்போக்கனின் தோள்வலியையும் வாயில்லாப் பிராணியின் முதுகுத் தினவையும் எண்ணியவனின் அறம் எத்தகையது! மனிதனுக்கு ஒரு வழி, மாட்டுக்கு ஒரு வழி என அவன் பிரிக்கவில்லை. இருவருக்கும் தாகம் ஒன்றே என அறிந்திருந்தான்.

ஊர்தி ஏறிச் செல்வோரும் அவ்வறத்துக்குப் புறம்பானவரல்லர். அகநானூற்றின் நான்காவது பாட்டிலே குறுங்குடி மருதனார் ஒரு தலைவனைக் காட்டுகின்றார். பிரிந்துறையும் தலைவியை விரைந்து காணும் வேட்கையோடு தேரில் வருகின்றான் அவன். வழியோரச் சோலையிலே வண்டுகள் தம் துணையோடு பூந்தாதை உண்கின்றன. தேர்மணியின் ஒலியால் அவை கலங்கிப் பிரிந்துவிடுமென அஞ்சி, மணிகளின் நாவை ஒலியாதபடி கட்டிவிட்டு வருகின்றானாம். விரைவு அவனுக்கும் வேண்டியிருந்தது; ஆயினும் வழி தனக்கே உரியதன்று என்பதை அவன் மறந்தானல்லன். பறம்பின் தலைவன் பாரியோ ஒருபடி மேலே சென்று, பற்றிப் படரக் கொழுகொம்பின்றி நின்ற முல்லைக்குத் தான் ஏறிய தேரையே ஈந்தான். இன்று நாமோ கார் நுழைவதற்கு வழியின்றேல் முல்லையை வெட்டுகின்றோம். பாரி கதையை மாணவர்க்குக் கற்பிக்கும் வகுப்பறையின் சாளரத்தினூடே, ஒழுங்கையை அகலிக்கும் இயந்திரத்தின் ஒலி கேட்கின்றது.

இரு சக்கரத்தின் மாட்சி

காரின்றி வாழ்தல் இயலுமோ என்று வினவுவார்க்கு யாழ்ப்பாணம் தன் அனுபவத்தினால் விடை கூறியுள்ளது. 1990ஆம் ஆண்டிலே போர் மீண்டும் மூண்டபோது குடாநாட்டுக்கான புகையிரதம் நின்றது, எரிபொருள் தடுக்கப்பட்டது. பழைய ஒஸ்ரின், மொரிஸ் கார்கள் சிறிது பெற்றோலினால் உயிர்ப்பிக்கப்பட்டுப் பின்னர் மண்ணெண்ணெயிலே புகை கக்கி ஓடின. ஏனைய யாவும் துவிச்சக்கர வண்டியின்மேல் ஏறின. அரிசி மூடையும் விறகும் அதில் வந்தன. நோயாளர் வைத்தியசாலைக்கு அதிற் சென்றனர். ஆசிரியரும் மாணவரும் அதிலேயே பாடசாலைக்குப் போயினர். இரவிலே அதன் சில்லைக் கையாற் சுழற்றி, டைனமோவில் எழுந்த மின்னாற் செய்தி கேட்டனர். அக்காலத்தை மீண்டும் விரும்புவார் எவருமிலர். எண்ணற்ற மக்களோடு எண்ணற்ற பனைகளும் மாண்ட காலம் அது. எனினும் ஒரு சமுதாயம் முழுவதும் இரு சக்கரத்தின்மேல் நின்று பிழைத்தது என்பது வரலாற்று உண்மை.

2022ஆம் ஆண்டிலே நாடு முழுவதையும் எரிபொருட் பஞ்சம் வாட்டியபோது, எரிபொருள் நிலையங்களின் முன்னே வாகனங்கள் நாட்கணக்கில் வரிசையாய் நின்றன. அவ்வாண்டு யூலையில் கியூ.ஆர். குறியீட்டின்படி பங்கீடு தொடங்கிற்று. மூலையிற் சாத்தி வைத்திருந்த துவிச்சக்கர வண்டிகள் அப்போது துரு நீங்கி மீண்டும் வீதிக்கு வந்தன. காற்றடிக்கும் பம்பை அயலார் இரவல் கேட்டனர். பஞ்சம் நீங்கியதும் அவற்றுட் பல பழைய மூலைக்கே மீண்டன.

இவ்வண்டியின் சிறப்பை அறிவியலும் கூறும். 1973இலே வில்சன் என்பார் 'சயன்ரிபிக் அமெரிக்கன்' இதழில் எழுதிய கட்டுரையொன்றில், ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்ல ஒவ்வோர் உயிரும் தன் எடைக்கேற்பச் செலவிடும் ஆற்றலை ஒப்பிட்டார். நடக்கும் மனிதன் அவ்வரிசையிலே சிறந்த இடத்தைப் பெற்றிலன். அவனே துவிச்சக்கர வண்டியில் ஏறியதும், நடக்கச் செலவிட்ட ஆற்றலில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கே செலவாக, விலங்கு, பறவை, இயந்திரம் யாவற்றையும் விஞ்சி முதலிடம் பெற்றான். படைப்பிலே குதிரைக்குப் பின்னே நின்றவனை முன்னே கொணர்ந்தவை இரண்டு சில்லுகளும் ஒரு சங்கிலியும்.

எங்கள் புறநகரோ அவ்வண்டிக்கென்றே அமைந்தது போன்றது. மேடு பள்ளமற்ற சமநிலம்; யாழ்ப்பாண நகரிலிருந்து திருநெல்வேலிச் சந்தி நான்கு கிலோமீற்றருக்கு உட்பட்டது. விரைவின்றி மிதிப்பவனும் இருபது நிமிடத்திற் சென்றடைவான். அதனினும் பெரிய பயன் ஒன்றுண்டு. காரிற் செல்வோன் கண்ணாடியினூடே வீதியைக் காண்பான். துவிச்சக்கர வண்டியிற் செல்வோன் ஊரைக் காண்பான். வேப்பம்பூ உதிரும் மாதம் எது, இலுப்பைக்கு வௌவால் வரும் நாள் எது, எந்த வளவிற் குயில் கூவுகின்றது, எந்த வீட்டில் முதியவர் சாய்மனைக் கதிரைக்கு இரண்டு நாளாக வரவில்லை என்பன யாவும் அவனுக்குத் தெரியும். தரித்து நின்று கேட்கவும் அவனுக்கு இயலும். ஊர்தியை நிறுத்த இடந்தேட வேண்டியதில்லை. ஒரு காலை ஊன்றினாற் போதும்.

மதில் எழுந்தமை

வேலி மதிலானமைக்குக் காரணம் இல்லாமலில்லை. அதனை மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது. இடப்பெயர்வினால் ஆண்டுக்கணக்கில் ஆளற்றுக் கிடந்த வளவுகளுக்கு மீண்டு வந்தோர், முதலில் நாடியது காவலை. பிறநாட்டிலுள்ள பிள்ளைகள் அனுப்பிய பணம் மதிலாக எழுந்தது. வேலியைப் புதுக்குவதற்கு ஓலையும் வேண்டும், ஆளும் வேண்டும். முதிய வேலியடைப்பாளர் ஒருவரிடம் இதுபற்றிக் கேட்டபோது அவர் நகைத்துவிட்டுச் சொன்னார்: "ஆர் வாத்தியார் இப்ப வேலி அடைக்கினம்? மதில் எண்டால் ஒருக்காத்தான் செலவு. கதியால் போடத் தெரிஞ்ச ஆக்களும் குறைஞ்சு போச்சினம்." அவர் கூற்றில் உண்மை உண்டு. வேலியாற் பகை வளர்ந்ததும் உண்மையே. உயிர்க்கதியால் ஆண்டுதோறும் பருக்கும்; பருக்குந்தோறும் எல்லை ஒரு விரற்கடை நகரும்; அவ்விரற்கடைக்காக உடன்பிறந்தார் நீதிமன்றப் படியேறிய கதைகள் எங்கள் ஊர்களில் மலிந்துள்ளன. மதில் நகராது, வழக்கும் எழாது.

நோயாளர்க்கும் முதியோர்க்கும் தொலைவிற் பணிபுரிவோர்க்கும் கார் வேண்டும் என்பதையும் மறுப்பாரிலர். பிணிவாய்ப்பட்டவரை நள்ளிரவிலே வைத்தியசாலைக்கு ஏற்றிச் செல்ல ஒழுங்கையில் வாகனம் நுழையத்தான் வேண்டும்.

ஆயினும் இழந்தவற்றைக் கணக்கிடாது பெற்றவற்றை மட்டும் கணக்கிடுதல் நல்ல வணிகமாகாது. வேலியடி மண் மழைநீரை உறிஞ்சும்; மதிலும் சீமெந்துத் தளமும் அதனைத் தேக்கிவிடும். மாரியில் விழும் மழையே கிணற்றுக்கு நீராக வேண்டிய நாட்டில் இது சிறு பொருளன்று. கதியாலின் நிழல் போயிற்று. நண்பகலில் மதில் வெயிலைக் குடித்து மாலையில் அதனை நடப்பவன் முகத்தில் உமிழ்கின்றது. இரு மதில்களின் நடுவே ஒடுங்கிய வழியில் வாகனம் எதிர்ப்பட்டால் ஒதுங்குவதற்கு இடமில்லை. முன்னர் வேலியோரத்துப் புல்லில் ஒதுங்கி நின்ற பள்ளிச் சிறுமி இன்று மதிலோடு ஒட்டி நின்று தன் பாவாடையை இழுத்துப் பிடிக்கின்றாள். இதனைக் காணும் பெற்றோர் அஞ்சி, மறுநாள் அவளை வாகனத்தில் ஏற்றுகின்றனர். அவ்வாகனத்தைக் கண்டு அஞ்சி மற்றொரு பெற்றோர் தம் பிள்ளையை ஏற்றுகின்றனர். இங்ஙனம் அச்சமே வாகனத்தைப் பெருக்க, வாகனமே அச்சத்தைப் பெருக்குகின்றது.

அதே மதிலடியிற் கீரியும் அலைகின்றது. அதன் பொட்டு அடைபட்டது. வளவுக்கு வளவு மறைவாகச் சென்ற உயிர் இப்போது வீதி வழியே செல்ல நேர்கின்றது. மழை பெய்த மறுநாட் காலையில் வீதியிலே நசுங்கிக் கிடக்கும் தேரைகளையும் சாரைப்பாம்பையும் காண்போர் பலர். எலியைத் தின்று தோட்டத்தைக் காக்கும் சாரை சில்லிலே மடிகின்றது. பின்னர் எலிக்கு நஞ்சு வாங்கக் கடைக்குப் போகின்றோம். சிறுமிக்கு ஒதுங்க இடமில்லாமற் போனதும் கீரிக்கு நுழைய வழியில்லாமற் போனதும் ஒரே நாளில், ஒரே கொத்தனின் கரண்டியால் நிகழ்ந்தவை.

சொல்லும் பொருளும்

தமிழ் கற்பிப்போர்க்கு இதில் வேறொரு கவலையும் உண்டு. ஒருமுறை எம் மாணவரைப் பாடசாலைக்கு வரும் வழியிற் கண்டவற்றை ஒரு கிழமை குறித்து வருமாறு பணித்தேன். நடந்தும் துவிச்சக்கர வண்டியிலும் வந்தோர் பக்கம் பக்கமாக எழுதினர். மீன்கொத்தி ஒன்று மின்கம்பியில் இருந்து கிணற்றை நோக்கியதையும், பெண்குயில் காகக் கூட்டருகே பதுங்கியதையும் ஒரு மாணவி தன் சொல்லால் அழகுற எழுதியிருந்தாள். தந்தையின் மோட்டார்ச் சைக்கிளில் வந்த மாணவனோ தன்னைத் துரத்திய நாயைப் பற்றி மட்டும் எழுதினான். அதனை மிக விரிவாக எழுதினான் என்பதையும் கூறவேண்டும். வேனில் வந்த மாணவர் சிலர் கடைகளின் பெயர்ப் பலகைகளை வரிசைப்படுத்தினர். அவர்கள்மேற் குற்றமில்லை. காட்டப்பட்டதைத்தானே கண் காணும்?

பின்னர் வகுப்பிலே கதியால், வரிச்சு, பொட்டு, கடப்பு, சங்கடப்படலை என்னும் சொற்களைக் கரும்பலகையில் எழுதியபோது பொருள் கூற வல்லோர் சிலரே இருந்தனர். புலுனி என்றதும் சிலர் நகைத்தனர். அஃது ஏதோ நகைச்சுவைப் பெயர் என எண்ணினர் போலும். பொருள் அழிந்த பின்னர் சொல் அகராதியிற் சிலகாலம் வாழும். பிணத்துக்குச் சந்தனம் பூசுவது போன்றது அது. முல்லைத்திணையையும் மருதத்திணையையும் தேர்வுக்காக மனனம் செய்யும் மாணவன் தன் வீட்டு வேலியின் கருப்பொருளை அறியானாயின், அவன் கற்ற இலக்கியம் காலூன்ற மண்ணில்லாத மரமாகும். இலக்கியக் கல்வியின் முதற் பாடநூல் ஒழுங்கையே. அதனை நடந்தன்றி வாசிக்க இயலாது.

செய்யத்தக்கன

பழைய வேலியை முற்றும் மீட்டல் இயலாது. எனினும் இயல்வன சில உண்டு. பிரித்தானியாவில் முள்ளெலிகள் அருகி வருதலைக் கண்ட ஆர்வலர் 2011இல் 'முள்ளெலித் தெரு' என்னும் இயக்கத்தைத் தொடங்கினர். வீட்டுக்கு வீடு வேலியிலும் மதிலடியிலும் 13 சதமமீற்றர் அகலமும் உயரமும் உள்ள துளையொன்றை விடுமாறு அவ்வியக்கம் மக்களைக் கேட்கின்றது. அத்துளைகள் இணைந்து முள்ளெலிக்கு நெடுவழியாகின்றன. அவர்கள் ஆராய்ந்து கண்டதை எங்கள் பாட்டிமார் பொட்டு என்று முன்னரே பெயரிட்டு வழங்கினர். மதில் கட்டுவோர் அடியிலே அத்தகைய பொட்டுகளை விடின் வெள்ளமும் வடியும், கீரியும் செல்லும், திருடன் நுழையான்.

மதிலின் உட்புறத்தே ஒரு வரிசை கிளுவையோ பூவரசோ நாட்டினால் எல்லை நகரும் வழக்கும் இல்லை, செண்பகத்துக்குக் கூடும் உண்டு. கம்பிவலை அடைப்போர் அதன் கால்களாகக் கொங்கிறீற்றுத் தூண்களுக்கிடையே உயிர்க்கதியால்களைச் சேர்க்கலாம். உதிர்ந்த சருகை நாள்தோறும் கூட்டி எரித்தலை விடுத்து ஒரு மூலையிற் குவித்து வைப்பின் புலுனி தானே வரும். ஒழுங்கைகளைச் சீர்செய்யும் உள்ளூராட்சி மன்றங்கள், வழியின் முழு அகலத்தையும் தாரினால் மூடாமல் ஓரத்திலே ஓர் அடி மண்ணையும் அதிலே வேம்பையும் விட்டுவைத்தல் நன்று. நடப்பவன் ஒதுங்கவும் நீர் இறங்கவும் அது போதும். பாடசாலைகள் விடும் நேரத்தில் அண்டிய ஒழுங்கைகளிலே வாகனங்கள் மெல்லச் செல்லுமாறு ஊர்மக்களே ஏற்பாடு செய்யலாம்.

நகர் பெருகினால் உயிரினம் ஒழிந்தே தீரும் என்று கூறுவோர் கொழும்பை நோக்குக. 2018ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலகில் முதன்முதலாக 18 நகரங்கள் ஈரநில நகரங்களாக ஏற்கப்பட்டபோது கொழும்பும் அவற்றுள் ஒன்றாயிற்று. அதன் புறநகர்ச் சதுப்பு நிலங்களில் மீன்பிடிப் பூனை இன்றும் இரவில் உலாவுகின்றது. தலைநகரின் அருகே பூனையினத்துள் அரியதொன்று வாழ இடமுண்டாயின், நல்லூரின் அயலிலே ஓணானுக்கு இடமில்லை என்று எவ்வாறு கூறுவது?

இவை யாவற்றினும் எளியது ஒன்றுண்டு. கார் உடையோரும் கிழமையில் இரண்டு நாளாயினும் சந்தைக்கும் கோயிலுக்கும் நூலகத்துக்கும் நடந்தோ மிதித்தோ செல்லலாம். ஒரு வழியிலே பலர் நடக்கத் தொடங்கினால் வாகனம் தானாகவே மெதுவாகும். வழியில் நிழலில்லாமை பலர் கண்ணிற் படும். கண்ணிற் பட்டதைக் கேட்பதற்கு வாய்களும் உண்டாகும். நடப்பாரில்லாத வழிக்கு நிழல் கேட்பார் யாவர்?

சாட்சி கூறுவோன் நேரிற் கண்டவனாதல் வேண்டும் என்பது வழக்கு மன்றத்தின் விதி. வேலிக்கு ஓணானும் ஓணானுக்கு வேலியும் சாட்சியாய் நின்ற காலத்திலே, அவ்விரண்டுக்கும் மூன்றாவது சாட்சியாக ஒழுங்கையில் நடந்து சென்றவன் ஒருவன் இருந்தான். பழமொழியை ஆக்கியவன் அவனே. வேலியிற் சிறிதும் ஓணானிற் சிலவும் இன்னும் எஞ்சியுள்ளன. அம் மூன்றாவது சாட்சியே இப்போது வரவேண்டியவன்.